மகனுக்கு 10 வயது, 47 கிலோ. திருகோணமலையில் யாரிடம் காட்டுவது?

உவர்மலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 5 படிக்கிறான். உயரம் 140 சென்ரிமீற்றர், நிறை 47 கிலோ. போன வருடம் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறை கூட என்று துண்டில் எழுதித் தந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது.

கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தோல் தடித்துப்போய் இருக்கிறது. ஊத்தை என்று நினைத்துத் தேசிக்காய் பூசினேன், பயற்றம்மா தேய்த்துக் குளிக்க வார்த்தேன், போகவே இல்லை. இரவில் குறட்டை விடுகிறான். காலையில் எழுப்பினால் அலுப்பு அலுப்பு என்கிறான்.

ஒரு இடத்தில் காட்டினோம். "சோற்றைக் குறையுங்கோ, ஓட விடுங்கோ." அவ்வளவுதான். எவ்வளவு குறைப்பது, வளருகிற பிள்ளைக்குக் குறைக்கலாமா, இந்த வெயிலில் எங்கே ஓட விடுவது, ஒன்றும் சொல்லவில்லை. மாமி பிள்ளையைப் பட்டினி போடாதே என்று என்னோடு கோபம். இவர் கட்டாரில். இதை ஒரு வருத்தமாக எடுத்துப் பார்க்கிற இடம், டொக்டர், சாப்பாடு சொல்லித் தருபவர், மனம்விட்டுக் கதைக்க ஒருவர் என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கிற இடம் எங்கேயும் இருக்கிறதா?

கரையோரன் எழுதியது:

தங்கச்சி, வீணாகப் பயப்படாதீங்கோ. பிள்ளை என்றால் கொஞ்சம் கொழுகொழு என்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாப் பெடியளும் அப்படித்தான் இருந்தார்கள். பதினைந்து பதினாறில் உயரம் இழுத்தவுடன் வத்திவிடும். நாலு பேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு திரிந்தால் கண்ணூறுதான் மிச்சம்.

தாதி அக்கா எழுதியது:

கரையோரன் அண்ணா, உங்கள் காலத்துப் பெடியள் கடலில் கிடந்தவர்கள், நடந்தே பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தக் கணக்கு இப்போது சரிவராது. இந்த அளவு நிறையோடு பத்து வயதைத் தாண்டும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பெரியவர்களானாலும் நிறை கூடியவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

தங்கச்சி, நீங்கள் தந்த அளவை வைத்துப் பார்த்தேன். கிலோவை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். 47ஐ 1.4ஆல், பிறகு இன்னொரு தரம் 1.4ஆல் பிரியுங்கோ, 24 வரும். பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபைத்தான் பார்க்க வேண்டும். அதில் 10 வயது ஆண்பிள்ளைக்கு நடுக்கோடு 16.4. 18.5க்கு மேல் போனால் அதிக நிறை, 21.4க்கு மேல் உடற்பருமன். மகன் உடற்பருமன் பகுதிக்குள் நிற்கிறான். வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு 70 சென்ரிமீற்றர். டேப் ஒன்றால் அளந்து பாருங்கோ.

அந்தக் கழுத்துக் கறுப்பு ஊத்தை இல்லை. தயவுசெய்து தேய்க்காதீங்கோ, பிள்ளைக்கு நோகும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசையாதபோது தோல் அப்படிக் கறுத்துத் தடிக்கும். கமக்கட்டிலும் இருக்கும், பாருங்கோ. இந்த நிலையில் வெறும்வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி), கொழுப்பு, ஈரல் சோதனை, பிரஷர் ஐந்தும் பார்க்கச் சொல்லுவார்கள். சிறு வயதிலேயே ஈரலில் கொழுப்புப் படிகிறது. அதற்கு நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, சோதித்தால்தான் தெரியும். குறட்டையைக் கட்டாயம் சொல்லுங்கோ. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளைக்குத்தான் விடியவும் அலுப்பாக இருக்கும், படிப்பிலும் கவனம் நிற்காது.

ஒரு ஆறுதல். அவன் வயதுக்கு உயரம் குறையவில்லை. குண்டாகவும் கட்டையாகவும் இருந்தால் தைரொயிட் போன்ற சுரப்பி நோயைத் தேட வேண்டும். மகனுக்கு அதற்குச் சாத்தியம் குறைவு.

எல்லா அம்மாமாருக்கும் இன்னொன்று. நிறை கூடிய பிள்ளை திடீரென்று நொண்டினால், இடுப்பு அல்லது முழங்கால் நோகுது என்றால், எண்ணெய் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். தொடை எலும்பின் தலைப்பகுதி வழுக்கியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கோ.

மூதூர்ப் பெடியன் எழுதியது:

அக்கா சொல்லுவது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் வந்து பாருங்கோ. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மீன் வாங்க யோசிக்கிற வீடுகள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் அம்மா திரிபோஷா சத்துமா கொடுக்கவே அலைகிறார். அவர்களை விட்டுவிட்டுக் குண்டுப் பிள்ளைக்குத் தனிக் கிளினிக் என்றால் மனம் ஒப்பவில்லை.

போசணைப் பிரிவு எழுதியது:

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் போசணைப் பக்கம் வேலை செய்கிறவள். 2025இல் யுனிசெவ் ஒரு அறிக்கை விட்டது. 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் முதன்முறையாக உடற்பருமன் (9.4 வீதம்) நிறைக்குறைவை (9.2 வீதம்) முந்திவிட்டது. முந்தாத இடங்கள் இரண்டுதான்: சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவும் எங்கள் தெற்காசியாவும். ஆகவே மெலிந்த பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்று நீங்கள் சொல்வது சரி.

ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளும் சில நேரம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மீன் வாங்க வழியில்லாத வீட்டில் பாண், சீனித் தேத்தண்ணீர், மலிவு பிஸ்கட்தான் வயிற்றை நிரப்புகிறது. சக்தி இருக்கிறது, புரதமும் இரும்பும் இல்லை. ஒரு பிள்ளை மெலிகிறது, இன்னொன்று ஊதுகிறது, இரண்டுக்கும் இரத்தச்சோகை. பிறக்கும்போது நிறை குறைந்திருந்து, பிறகு வேகமாக நிறை வைத்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூட. எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. போசணைக் கிளினிக்கில் இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிவிட ஏலாது.

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

பாடசாலைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கிறது. துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம். அந்தத் துண்டு அம்மாவின் கைக்குப் போனதா, போனவர்கள் கிளினிக்குக்குப் போனார்களா, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. மூன்று வருடம் கழித்து அதே பிள்ளை இன்னும் கூடிய நிறையோடு வந்து நிற்கும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்றால் உடற்கல்விப் பாடவேளை கணக்குக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன். இடையில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. வீட்டுக்குப் போக இருட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது. எங்கள் தரம் 5 பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? உவர்மலை அம்மாவின் மகனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் இப்போது கம்பஸில் படிக்கிறேன். சின்ன வயதில் நல்ல குண்டு. எல்லோரும் உணவு, சோதனை என்று எழுதுகிறீர்கள், அதெல்லாம் தேவைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஒருவர் எழுத வேண்டும்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் தராசில் ஏற்றி, நிறையைச் சத்தமாக வாசித்து, இன்னொருவர் கொப்பியில் எழுதினார். பின்வாங்கிலிருந்து சிரிப்பு. அன்றைக்கிருந்து அந்த எண்தான் என் பெயர். அதற்குப் பிறகு விளையாட்டுப் பாடவேளைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வகுப்புக்குள் இருப்பேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் "என்ன, இவன் இன்னும் குறையவில்லையா" என்பதுதான் முதல் கேள்வி. அம்மா என் தட்டிலிருந்து சோற்றை அள்ளி எடுப்பார், தம்பிக்கு அதே மேசையில் பொரித்த கோழி இரண்டாவது தரம் விழும். நான் இரவில் குசினிக்குப் போய் லைற் போடாமல் பிஸ்கட் சாப்பிட்டேன். வெட்கத்தில் சாப்பிடுவது பசியில் சாப்பிடுவதை விடக் கூடுதலாகப் போகும்.

என்னை ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போயிருந்தால் போதும், இவ்வளவு வருடம் வீணாகியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். அம்மா, உங்கள் மகனிடம் நிறையைப் பற்றிக் கதைக்க முதல், வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேளுங்கோ.

கிண்ணியா வாப்பா எழுதியது:

பெயர் வேண்டாம் தம்பி, உங்கட எழுத்தை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

எனக்கு மகள், 14 வயது. மாதவிடாய் ஒழுங்கில்லை, முகத்தில் முடி, நிறை கூட. ஒரு வைத்தியசாலையில் பிள்ளை டொக்டர் பார்க்க ஒரு நாள், போசணைக்கு இன்னொரு நாள், பெண்நோய்க்கு வேறொரு நாள் தந்தார்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எனக்குக் கூலி இல்லை. ஒவ்வொரு அறையிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் சோற்றை நிறுத்தச் சொன்னார், அடுத்தவர் நிறுத்தக்கூடாது என்றார். மகள் நான் இனி வரமாட்டேன் என்று விட்டாள். ஆட்களில் குறை இல்லை, எல்லோரும் அன்பாகத்தான் கதைத்தார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் கதைத்ததில்லை.

பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானால் வெளியில் விளையாட இடமும் இல்லை. பெடியள் மைதானத்துக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள். இவள் எங்கே போவாள்?

லண்டன் திருமலையான் எழுதியது:

நான் பிறந்தது அலஸ்தோட்டம், இப்போது லண்டன். உவர்மலைத் தங்கச்சி கேட்கிற மாதிரியான இடம் இங்கே இருக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

இங்கே 4, 5 வயதிலும் 10, 11 வயதிலும் அரசாங்கப் பாடசாலைகளில் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளப்பார்கள். முடிவு வகுப்பில் வாசிக்கப்படாது. கடுமையான உடற்பருமனோடு சிக்கலும் சேர்ந்த பிள்ளைகளுக்கென்று 2021இல் இங்கிலாந்தில் தனிக் கிளினிக்குகளைத் தொடங்கினார்கள். முதலில் 15 இடங்கள், பிறகு கூட்டினார்கள். குழந்தை நல நிபுணர், தாதி, உணவியலாளர், உளவியலாளர், சமூக சேவையாளர் எல்லோரும் ஒரு குழு. உளவியலாளர் கடைசியில் வருகிற ஆள் இல்லை, முதல் நாளே இருப்பார். பிள்ளை பசிக்காமல் ஏன் சாப்பிடுகிறது, பாடசாலையில் யாராவது பகிடி பண்ணுகிறார்களா, வீட்டில் என்ன கஷ்டம் என்று கதைப்பார். சமூக சேவையாளர் வீட்டில் அடுப்பு இருக்கிறதா, அம்மா இரவு வேலையா என்பதுவரை கேட்பார். பிறகு குழுவாக இருந்து ஒரு திட்டம் எழுதுவார்கள். அந்த ஒரே தாளைத்தான் எல்லோரும் பின்பற்றுவார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணித்தியாலம் குடும்பத்தோடு நேரில் இருந்து சொல்லிக் கொடுத்தால்தான் பலன் தெரிகிறது என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் "சோற்றைக் குறையுங்கோ" என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கோ.

கரையோரன் எழுதியது:

தம்பி, இப்போது நிறை குறைக்க ஊசி வந்திருக்கிறது என்கிறார்களே? அதைப் போட்டால் இவ்வளவு ஆட்களும் 26 மணித்தியாலமும் எதற்கு?

லண்டன் திருமலையான் எழுதியது:

செமக்ளுரைட் என்ற ஊசியை 2022 கடைசியில் அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தார்கள். அதுவும் உணவு, நடத்தைச் சிகிச்சையோடு சேர்த்துத்தான். நிறுத்தினால் நிறை திரும்பி ஏறும். 10 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதையே வேண்டாம். முகநூலில் பார்த்து ஒருவரும் வாங்கவும் வேண்டாம்.

உவர்மலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இடுப்பை அளந்தேன், 79. கமக்கட்டிலும் கறுப்பு இருக்கிறது. பெயர் வேண்டாம் தம்பி சொன்ன மாதிரி மகனோடு இருந்து கதைத்தேன். "தண்ணித்தாங்கி" என்று கூப்பிடுகிறார்களாம். இவ்வளவு நாளும் என்னிடம் சொல்லவில்லை.

நாளைக்கே தொடங்க வீட்டில் என்ன செய்யலாம்? எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? மாமிக்கு எப்படிச் சொல்வது?

போசணைப் பிரிவு எழுதியது:

தங்கச்சி, ஒரு கிலோவும் குறைக்க வேண்டாம். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு நிறையைக் கூடாமல் பிடித்துக்கொண்டால் போதும், உயரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மகன் இன்னும் இரண்டு வருடத்தில் 150 சென்ரிமீற்றருக்கு வளர்ந்து, நிறை 47இலேயே நின்றால் சுட்டி 21க்குக் கிட்ட வரும். 12 வயதுப் பெடியனுக்கு உடற்பருமன் எல்லை 23.6. ஒரு நாளும் பட்டினி இல்லாமல் அந்தப் பகுதியிலிருந்து வெளியே வந்துவிடுவான். இதையே மாமியிடம் சொல்லுங்கோ. பிள்ளை மெலியப் போவதில்லை, வளரப் போகிறான் என்றால் அவருக்கும் மனம் ஆறும். ஈரல், சீனிச் சோதனைகளின் முடிவைப் பார்த்து டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அதைக் கேளுங்கோ.

சோற்றில் கை வைக்க முதல் குடிப்பதைப் பாருங்கோ. 2016இலிருந்து எங்கள் நாட்டில் சோடாப் போத்தலில் நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நிறையப் பேர் வாங்குகிறார்கள். வட்டத்துக்குள் 10 கிராம் என்று இருக்கிற 400 மில்லிலீற்றர் போத்தலை எடுங்கோ. நாற்பது கிராம் சீனி, எட்டுத் தேக்கரண்டி. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது பிள்ளைகளுக்கான அளவு. அந்த ஒரு போத்தலிலேயே அது தாண்டிவிட்டது. அதற்கு மேல் காலையில் பால்மாத் தேத்தண்ணீர், பின்னேரம் மோல்ட், ரியூசன் இடைவேளையில் ஐஸ்பக்கெற். பெட்டியில் அடைத்த பழச்சாறும் சோடாதான். தண்ணீர், இளநீர், சீனி போடாத மோர் கொடுங்கோ. தேத்தண்ணீர்ச் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும்.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. பிட்டு என்றால் நீற்றுப்பெட்டி நிறைய அவித்துச் சீனியும் வாழைப்பழமும் பிசைந்து கொடுக்காமல், அளவாக எடுத்து முருங்கையிலை வறையோடும் கடலைக் கறியோடும் கொடுங்கோ. எங்கள் ஊரில் கீரிமீனும் சூடையும் மலிவாக வருகிற நாட்கள் உண்டு. பொரிக்காமல் புளி விட்டு வையுங்கோ. ரியூசனுக்கு அவித்த கடலையோ கச்சானோ கட்டிக் கொடுத்தால் ரோல்ஸ் தானாக நிற்கும்.

முக்கியம், இது முழு வீட்டுக்கும். மகனுக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்றால் பெயர் வேண்டாம் தம்பியின் கதைதான் திரும்ப நடக்கும். சோடா வீட்டுக்குள் வராது என்றால் ஒருவருக்கும் வராது, மாமாவுக்கும் வராது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட விடாதீங்கோ. இந்த வயதுக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை வேண்டும். நித்திரை குறைந்தால் பசிச் சுரப்பு கூடும். அம்மாமார் இந்த ஒன்றைத்தான் பெரிதாக எடுப்பதில்லை.

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

அந்தப் பட்டப்பெயரைப் பற்றி வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கோ. மகனை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம், தனியே போங்கோ. நல்ல ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிடுவார்.

விளையாட்டுக்குக் கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் நாலு மணிக்கு வெளியே விட ஏலாது, அனல் பறக்கும். ஐந்தரைக்குப் பிறகு டச்சு பே கடற்கரை, இல்லாவிட்டால் விடிய உட்துறைமுக வீதியில் சைக்கிள். மணலில் கால் புதைய நடந்தால் தார் வீதியில் நடப்பதை விட உடம்புக்கு வேலை கூட. போட்டி விளையாட்டில் முதலில் சேர்க்காதீங்கோ, கடைசியாக ஓடி வருகிற பிள்ளை அடுத்த நாள் வரமாட்டான். நீச்சல் நல்லது, முழங்காலில் பாரம் விழாது.

கரையோரன் எழுதியது:

தங்கச்சி, என்னுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைப் பின்னேரம் டச்சு பேக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் மகனையும் அனுப்புங்கோ. கடலில் இறக்கி நீந்தப் பழக்கிவிடுகிறேன். பகிடி பண்ண ஒருவரையும் விடமாட்டேன்.

தாதி அக்கா எழுதியது:

அண்ணா, இது பெரிய உதவி.

கிண்ணியா வாப்பா சொன்ன விசயத்துக்கு வருகிறேன். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் உடற்பருமன் பிள்ளைகளைப் பார்க்கிற கிளினிக் இருக்கிறது. ஆனால் இங்கேயிருந்து இரவு பஸ் எடுத்து மாதம் மாதம் யார் போவது? மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோ புதுக் கட்டடம் கேட்கத் தேவையில்லை. மாதத்தில் ஒரு பின்னேரம், குழந்தை நல டொக்டர், போசணை மருத்துவ அதிகாரி, உளவள ஆலோசகர், இயன்மருத்துவர் நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒரே பதிவுப் புத்தகத்தோடு இருந்தால் போதும். பாடசாலைத் துண்டு நேரே அந்த நாளுக்கு வர வேண்டும். வராத பிள்ளையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் குடும்பநல உத்தியோகத்தர் தேடிப்போக வேண்டும். மூதூர்த் தம்பியின் மெலிந்த பிள்ளைகளையும் அதே குழு பார்க்கலாம்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுவோம். அதுவரை உவர்மலைத் தங்கச்சி, குழந்தை நலக் கிளினிக்கில் பதியுங்கோ. கழுத்து, குறட்டை, குடும்பத்தில் யாருக்கு நீரிழிவு, இடுப்பு 79, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கோ. போசணை, உளவள ஆலோசனை இரண்டுக்கும் அங்கேயே துண்டு கேட்டு வாங்குங்கோ.

மூதூர்ப் பெடியன் எழுதியது:

இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் என்றால் மூதூர்ப் பக்கம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. கடிதத்தை அனுப்புங்கோ.

கிண்ணியா வாப்பா எழுதியது:

பள்ளிக்கூடம் கெடாமல் பின்னேரத்தில் வைக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கோ. பெண்பிள்ளைகளுக்குப் பெண் உத்தியோகத்தரும் மறைப்பான இடத்தில் தராசும் வேண்டும். நகரசபைக்கும் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும், மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று வாரத்தில் சில பின்னேரம் ஒதுக்கச் சொல்லி. மகளிடம் இதைச் சொன்னேன். அந்தக் கடிதத்தைத் தானே எழுதுகிறேன் என்கிறாள்.